ஒரே பெட்டிக்குள் பல கணினிகள்

2006 அக்டோபர் 18. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 வெளியான நாள். ஐந்து வருடம் கழித்து வந்த புதுப் பதிப்பு என்பதால் சாதாரணப் பயனர்களுக்குச் சந்தோஷம்தான். இணையதளம் வடிவமைப்பவர்களுக்கோ பெரிய தலைவலி! எக்ஸ்பி கணினியில் 7-ஐ நிறுவினால் 6 போய்விடும். உலாவியின் முக்கியக் கோப்புகள் விண்டோஸோடு பின்னிப் பிணைந்து கிடந்ததால், இரண்டையும் ஒரே கணினியில் முறையாக வைத்துக்கொள்ள வழியில்லை. ஆனால் வாடிக்கையாளர்களில் ஏராளமானோர் இன்னும் 6-ல்தான் இருந்தார்கள். இரண்டிலும் தளம் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். என்ன செய்வது?

இன்னொரு கணினி வாங்கலாம். உலாவி ஒன்றுக்கு ஒரு கணினி என்று போனால் சின்ன நிறுவனம் தாங்குமா? (கணினி, மேசை, மின்சாரம், தேய்மானம்... கணக்கு போட்டுப் பாருங்கள்.)

அந்த நவம்பரில் மைக்ரோசாஃப்டே ஒரு வழி செய்தது. எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-ம் எக்ஸ்புளோரர் 6-ம் நிறுவப்பட்ட ஒரு முழு வன்தட்டையே கோப்பாக்கி இலவசமாகத் தந்தது. அதே வருடம் ஜூலையில் இலவசமாக்கப்பட்டிருந்த விர்ச்சுவல் பிசி மென்பொருளில் இதைத் திறந்தால் போதும். உங்கள் கணினிக்குள் இன்னொரு கணினி ஓடும். அதற்கென்று தனி விண்டோஸ் உரிமமும் வாங்க வேண்டாம். ஆனால் ஒரு காலக்கெடு உண்டு. சில மாதங்களில் காலாவதியாகிவிடும்!

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1964-ல் எம்.ஐ.டி. தன் புதிய கணினித் திட்டத்துக்கு ஐ.பி.எம்மை விட்டுவிட்டு ஜெனரல் எலக்ட்ரிக்கைத் தேர்ந்தெடுத்தது. ஐ.பி.எம்முக்கு அது பெரிய அடி. அந்த வருடக் கடைசியில் ஐ.பி.எம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீஸி, லெஸ் கோமோ ஆகியோர் சிபி-40 என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். ஒரே பெரிய கணினியை 14 கணினிகளாகக் காட்டும் வித்தை அது. ஒவ்வொரு பயனரும் முழுக் கணினியும் தனக்கே என்று நினைத்துக்கொள்ளலாம். 1967 ஜனவரியில் அது வேலைக்கு வந்தது. அதன் வாரிசான சிபி-67-ல் இன்னொரு சுவையான காரியம் நடந்தது. மெய்நிகர் நினைவகம் கொண்ட சிஸ்டம்/370 கணினி தயாராகும் முன்பே, அதைப் போல நடிக்கும் மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதில் மென்பொருளைச் சோதித்தார்கள். இல்லாத கணினியில் சோதனை! 1972 ஆகஸ்டில் ஐ.பி.எம். விஎம்/370-ஐ முறைப்படி அறிவித்தது.

பிறகு கணினி மேசைக்கு வந்தது, விலை இறங்கியது, இந்த வித்தையை எல்லோரும் மறந்தார்கள். நினைத்தாலும் இன்டெல் சில்லில் அது எளிதல்ல. விருந்தாளி இயங்குதளம் ஆபத்தான கட்டளை எதையாவது கொடுத்தால் சில்லு அதை நிறுத்தி மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்று 1974-லேயே போபெக், கோல்ட்பர்க் என்ற இருவர் இலக்கணம் வகுத்திருந்தார்கள். இன்டெல்லின் சில கட்டளைகளோ சத்தமே இல்லாமல் பாதி வேலையை மட்டும் செய்துவிட்டு நகர்ந்துவிடும். யாருக்குமே தெரியாது. 1998-ல் தொடங்கிய விஎம்வேர், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி இதைத் தாண்டியது. 1999-ல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் கடைக்கு வந்தது. சில்லிலேயே இதற்கு வசதி வந்தது 2005-06-ல்தான்.

நெட்வொர்க்கில் பேசும் மென்பொருளைச் சோதிப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். உலாவி, மின்னஞ்சல் மென்பொருள், அரட்டை மென்பொருள் எல்லாமே எதிர்முனையில் ஒரு வழங்கியை எதிர்பார்ப்பவை. அந்த வழங்கியையும் இன்னொரு மெய்நிகர் கணினியாக அதே பெட்டிக்குள் வைத்துவிடலாம். இணைப்பு மூன்று விதம். நாட் முறையில் உள்ளே இருக்கும் கணினி, வெளிக் கணினியின் முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இணையம் போகும். பிரிட்ஜ் முறையில் அலுவலக நெட்வொர்க்கில் தனி முகவரியோடு உட்காரும். ஹோஸ்ட்-ஒன்லி முறையில் வெளி உலகமே தெரியாது. அரைகுறை மென்பொருளைச் சோதிக்கக் கடைசி வகைதான் உத்தமம். சோதனை மின்னஞ்சல் தவறுதலாக நிஜ வாடிக்கையாளருக்குப் போய் மானம் போகாது!

2005-ல் வந்த வொர்க்ஸ்டேஷன் 5 இன்னும் ஒரு படி மேலே போனது. பல மெய்நிகர் கணினிகளை ஒரு குழுவாகக் கட்டி, இடையில் உள்ள இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கலாம், பாக்கெட்டுகளைத் தொலையவும் வைக்கலாம். டயல்-அப் இணைப்பில் திணறும் பயனரின் கஷ்டத்தை மென்பொருள் எழுதுபவர் தன் மேசையிலேயே பார்க்க முடிந்தது. பல ஸ்னாப்ஷாட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளும் வசதியும் அதில்தான் வந்தது. கணினியின் ஒரு கணத்தைப் பத்திரப்படுத்திவிட்டால், எவ்வளவு குழப்பினாலும் அந்தக் கணத்துக்கே திரும்பலாம்.

2007-ல் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாக வந்தபின் மாணவர்கள்கூட இதைச் செய்ய முடிந்தது. மைக்ரோசாஃப்டும் உலாவிக் கோப்புகளை வருடக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருந்தது. 2013-ல் அதற்கென்றே தனித்தளம் வைத்து, விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் எல்லாவற்றுக்கும் தந்தது. அவை 90 நாளில் காலாவதியாகும். ஆனால், நிறுவியவுடன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கே திரும்பலாம் என்று குறிப்பில் அவர்களே எழுதியிருந்தார்கள். காலக்கெடுவை வைத்தவர்களே அதைத் தாண்டும் வழியையும் சொல்லிக்கொடுத்த வேடிக்கை! இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே காலக்கெடு வந்தது 2022 ஜூன் 15-ல்.