சிலாவிய இலக்கியப் பயிற்சியும் தமிழாராய்ச்சியும்

பிறமொழி இலக்கியத்தை அதன் மூலமொழியிற் கற்றவரே அதனைத் தம் இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஆராயத் தகுதியுடையர் என்பது ஒப்பியல் அறிஞர் பெரும்பாலும் உடன்பட்ட கருத்தாகும். எனினும் உருசியம், போலந்தியம், செக்கு முதலிய சிலாவிய மொழிகளைப் பொறுத்தவரை நாம் இவ்விதியைக் கடைப்பிடித்தோமில்லை. டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, கார்க்கி ஆகியோரின் சாயலைத் தமிழ்ப் புதினங்களிற் காண முற்படும் ஆய்வாளர் பலர், ஆங்கில ஆக்கத்தையோ தமிழாக்கத்தையோ மூலமெனக் கொண்டே எழுதுகின்றனர். யானும் அவருள் ஒருவன். இதனால் நேரும் இழுக்கு யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சிலாவிய உலகுக்கும் தமிழுக்கும் ஏற்பட்ட தொடர்பு தொடக்கத்தில் இருபாலும் இடைமொழியின் வழியதாகவே இருந்தது. 1908-இல் தாரக்நாத் தாசுக்கு டால்ஸ்டாய் விடுத்த மடலில் திருக்குறளின் இன்னாசெய்யாமைக் கருத்துகள் எடுத்தாளப்பட்டுள்ளன. டால்ஸ்டாய் தமிழ் அறிந்தவர் அல்லர். ஐரோப்பிய மொழிபெயர்ப்பே அவர்க்குத் துணையாயிற்று. ‘புதிய ருஷியா’ பாடிய பாரதியாரும் உருசியம் பயின்றவர் அல்லர். அந்நிலையில் இருசாராரும் ஒத்தவரே. அதன்பின் வழிகள் பிரிந்தன.

உருசிய அறிஞர் மெர்வார்ட் முதல் உலகப் போர்க்காலத்தில் தம் மனைவியாருடன் இலங்கையிலும் இந்தியாவிலும் தங்கித் தமிழ் கற்றார். 1929-இல் தமிழ்ப் பேச்சுமொழிக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். பேச்சு வழக்கு இலக்கணத்துக்குரிய பொருளன்று என நம் புலவருட் பலர் எண்ணியிருந்த காலம் அது. இவ்வறிஞர் தம் நாட்டு அரசின் ஐயத்துக்கு ஆளாகி, 1932-இல் சிறைமுகாமில் மாண்டார் என்பது வருந்தத்தக்கது. எனினும் அவர் தொடங்கிய நெறி அற்றொழியவில்லை. பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–உருசிய அகராதி 1960-இல் வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர் பூர்ணம் சோமசுந்தரம் என்னும் தமிழர். கிளாசோவ் தமிழினின்று நேரே பெயர்த்த நூல்களுள் திருக்குறள் 1963-இலும் சிலப்பதிகாரம் 1966-இலும் அச்சேறின. குறள் பெயர்ப்பில் அவரோடு உழைத்தவர் கிருஷ்ணமூர்த்தி. அந்திரனோவின் இலக்கண நூல்களும், பிராகு நகரில் கமில் சுவெலபில் ஆற்றிய பணியும் நம் மாணவர் நன்கறிந்தவை. இவ்வறிஞர்க்கெல்லாம் பல்கலைக்கழகமோ கல்விக்கழகமோ நிலைக்களனாக இருந்தது. ஒருவர் பின் ஒருவர் கற்பித்துச் செல்ல அங்கு இருக்கை இருந்தது.

நம் பக்கத்தில் உருசிய இலக்கியம் வந்தது பல்கலைக்கழக வாயிலாக அன்று, பதிப்பகங்களின் வாயிலாக. மாசுகோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டவையும், 1951-இல் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் பரப்பியவையும் சிற்றூர் நூலகங்கள் வரை சென்றன. ரா. கிருஷ்ணையாவின் ‘புத்துயிர்ப்பு’, ‘வெண்ணிற இரவுகள்’ ஆகியவற்றைப் படித்து வளர்ந்த எழுத்தாளர் பலர். இப்பணியின் பெருமை குறைத்து மதிப்பிடற்பாலதன்று. ஆயின் 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவ்வூற்று வற்றியது. வற்றியபோது அதனைத் தொடரத் தமிழகத்தில் சிலாவியவியல் துறையென ஒன்று வலுவுடன் நிற்கவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிலாவிய, பின்னோ–உக்கிரிய மொழிகளுக்கெனத் தனித்துறை உண்டு. 1965-இல் தில்லியில் நிறுவப்பட்ட உருசியக் கல்வி நிலையம் பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இங்கோ உருசியம் பெரும்பாலும் சான்றிதழ், பட்டயம் என்னும் அளவிலேயே நின்றது.

ஏன் இவ்வாறாயிற்று? அயல்மொழி நம்மிடம் தொழிலின் பின்னேதான் வருகின்றது. யான் பணியாற்றும் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இன்று இளைஞர் கற்க விரும்புவன கொரியமும் சப்பானியமும், ஆலைகள் அந்நாட்டாருடையவை. நெய்வேலியில் சோவியத் துணையோடு எழுந்த அனல்மின் நிலையம் 1962-இல் இயங்கத் தொடங்கிய நாளில் உருசியமும் அங்ஙனமே தேவைப்பட்டது. இயந்திரக் குறிப்பைப் பெயர்த்துச் சொல்லும் உருசியம் வேறு. புஷ்கினைப் பயிலும் உருசியம் வேறு. பின்னதற்குச் சம்பளம் தருவார் இலர்.

மூலமொழி அறியாமையால் நாம் இழப்பது யாது என்பதற்குச் சான்று ஒன்று காட்டுவல். புஷ்கினின் ‘யெவ்கேனி ஒநேகின்’ காவியத்தில் தாத்தியானா தன் காதலைத் தெரிவித்து எழுதும் மடலை, மதிப்புப் பன்மையில் விளித்துத் தொடங்குகின்றாள். இடையே உள்ளம் நெகிழ்ந்து ஒருமைக்கு மாறுகின்றாள். இறுதியில் நாணி மீண்டும் பன்மைக்குத் திரும்புகின்றாள். அம்மடலின் உயிர்நிலை இம்மாற்றத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் இக்காலத்தில் ஒன்றே ஆதலின் அம்மாற்றம் அங்கு மறைந்துவிடும். தமிழிலோ நீ, நீர், நீங்கள் என மூன்று உள. உருசியம் கூறியதையும் அதனினும் நுண்ணியதையும் கூற வல்ல மொழி, அவ்வேற்றுமை இல்லாத மொழியின் வழியே அதனைப் பெறுவது எத்துணை விந்தை! வினைமுடிவைச் சுட்டும் உருசிய வினைப்பாகுபாட்டை விளங்கிக்கொள்வதற்கும் ‘செய்தான்’, ‘செய்துவிட்டான்’ என்னும் நம் வழக்கு ஆங்கிலத்தினும் அணிமையான துணையாகும்.

இனி என் பிழை. டி. எஸ். சொக்கலிங்கம் டால்ஸ்டாயின் பெரும் புதினத்தை ஆங்கில வழியே தமிழாக்கி, அதற்குப் ‘போரும் வாழ்வும்’ எனப் பெயரிட்டார். ‘போரும் அமைதியும்’ என்னவில்லை. என் முனைவர்பட்ட ஆய்வேட்டில் இதற்கு யான் ஒரு விளக்கம் எழுதினேன். மூலத் தலைப்பிலுள்ள ‘மீர்’ என்னும் உருசியச் சொல் அமைதி, உலகம் என்னும் இருபொருளும் தருவது. தமிழாக்கம் அவ்விரண்டாம் பொருளைத் தழுவியது என்றேன். தேர்வாளர் எவரும் அதனை மறுத்திலர். சில ஆண்டுகட்குப் பின் உருசிய நெடுங்கணக்கைக் கற்கத் தொடங்கியபோதுதான் உண்மை விளங்கிற்று. 1918-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அவை ஒலியால் ஒன்றாயினும் எழுத்தால் வேறுபட்ட இரு சொற்கள். இகர ஒலிக்கு வழங்கிய இரு வரிவடிவங்களே அவற்றைப் பிரித்துக் காட்டின. சீர்திருத்தத்தால் ஒரு வரிவடிவம் நீக்கப்பட்டது. சொற்கள் இரண்டும் ஒன்றுபோலாயின. நம் 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வடிவத்தை மாற்றியதேயன்றி இவ்வாறு சொற்களை மயங்க வைத்ததில்லை. டால்ஸ்டாய் தம் நூலின் தலைப்பில் எழுதியது அமைதியைக் குறிக்கும் சொல்லே.

ஆகவே ஆய்வேட்டின் அப்பகுதி நீக்கத்தக்கது. சொக்கலிங்கனார் இட்ட தலைப்புக்கு இதனால் ஊறில்லை. அது கதையை முற்றப் படித்த ஒருவர் கதையினின்று கொண்ட பெயர். உருசியச் சொல்லினின்று பெற்றதாக அதற்குப் பிறப்பு வகுத்தவன் யானே.