அரிசாகா வகை 99 துப்பாக்கி (குடும்ப மரபுரிமைப் பொருள்)

அரிசாகா வகை 99 என்பது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் தரைப்படை பயன்படுத்திய, 7.7 மிமீ குண்டுகளைச் சுடும் போல்ட் வகைத் துப்பாக்கி ஆகும். 1939 ஆம் ஆண்டு ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2599 ஆகும். அதன் இறுதி இரு இலக்கங்களே இதன் பெயரில் உள்ளன. பசிபிக் போரில் பங்கேற்ற அமெரிக்க வீரர் பலர் இவற்றை நினைவுப் பொருட்களாகத் தாயகம் கொண்டு சென்றனர். அவ்வாறு சென்றவை பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எனக் கைமாறி வருகின்றன.

சாமந்தி முத்திரை

வெடியறையின் மேற்புறத்தில் 16 இதழ்கள் கொண்ட சாமந்திப் பூ பொறிக்கப்பட்டிருக்கும். துப்பாக்கி பேரரசருக்கு உரியது என்பதை இது குறிக்கும். 1945 இல் ஜப்பான் சரணடைந்தபின் ஒப்படைக்கப்பட்ட பல துப்பாக்கிகளில் இம்முத்திரை அராவி நீக்கப்பட்டது. போர்க்களத்தில் கைப்பற்றப்பட்டவற்றில் இது பெரும்பாலும் சிதையாமல் இருக்கும். எனவே துப்பாக்கி எவ்வாறு கைக்கு வந்தது என்பதை அறிய இவ்விடம் உதவுகிறது. அராவிய தடமும் வரலாற்றுச் சான்றே. அதன்மேல் புதிதாகப் பொறிப்பது அச்சான்றை அழித்துவிடும்.

மதிப்பை நிர்ணயிப்பவை

* முத்திரையின் நிலை
* போல்ட்டிலும் உடற்பகுதியிலும் உள்ள வரிசை எண்கள் பொருந்துதல்
* தூசு மூடி, ஒற்றைக்கால் தாங்கி போன்ற உதிரிகள் (தொடக்ககாலத் துப்பாக்கிகளில்)
* கொண்டு செல்ல மேலதிகாரி வழங்கிய அனுமதிச் சான்று
* வீரரின் கடிதங்கள், ஒளிப்படங்கள்

போரின் இறுதிக் காலத்தில் அவசரமாகச் செய்யப்பட்டவை கரடுமுரடாக இருக்கும். இது பிற்காலச் சேதமன்று. ஜப்பானின் அன்றைய மூலப்பொருள் தட்டுப்பாட்டைக் காட்டும் அடையாளமாகும்.

பாதுகாத்தல்

மரப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசுவதும், உலோகத்தைப் பளபளப்பாக்குவதும் மதிப்பைப் பெரிதும் குறைக்கும். அழிந்த முத்திரைகளையும் மேற்பூச்சையும் மீட்க இயலாது. உலோகத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதுமானது. விரல் வியர்வை துருவை உண்டாக்குவதால் கையுறை அணிந்து கையாளலாம். ஈரத்தை ஈர்க்கும் தோல் உறையில் நெடுங்காலம் வைத்தல் கூடாது.

எச்சரிக்கை

முதலில் வெடியறை காலியாக உள்ளதா எனச் சோதித்தல் வேண்டும். பயிற்சியில் வெற்றுத் தோட்டா வெடிப்பதற்கென்றே செய்யப்பட்ட, தோற்றத்தில் ஒத்த துப்பாக்கிகளும் உண்டு. அவற்றில் உண்மையான குண்டைச் சுட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும். சில துப்பாக்கிகளின் வெடியறை போருக்குப்பின் வேறு தோட்டாவுக்காக மாற்றப்பட்டுள்ளது. ஆகவே துப்பாக்கி வல்லுநர் ஆராயாமல் சுடலாகாது.

வாய்மொழி வரலாறு

கொண்டு வந்தவரின் பெயர், படைப்பிரிவு, கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதித் துப்பாக்கியுடன் வைத்தல் நன்று. துப்பாக்கியின் எண்கள் அது தயாரிக்கப்பட்ட ஆலையைக் காட்டும். கொண்டு வந்தவரைக் காட்டா. இக்குறிப்பு இல்லாதபோது, ஓரிரு தலைமுறைகளில் அது எவருடையது என்றே அறிய இயலாத பழைய ஆயுதமாகிவிடும்.