ஆழமில்லாக் கடலும் தூத்துக்குடியும்

துறைமுக நகரமொன்றின் பெருமையை அளக்கப் புகுவோர் முதலில் விசாரிப்பது அங்குள்ள கடலின் ஆழத்தையே. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் தூத்துக்குடிக்குத் துறைமுகமென்னும் பெயரே மிகையாகிவிடும். கரையோரத்தில் கடல் அத்தனை சொற்ப ஆழமுடையதாதலால், நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைலுக்கு அப்பாலேயே நங்கூரமிட்டு நின்றன. மனிதரும் மூட்டைகளும் படகுகளில் ஏறித்தான் கப்பலுக்கும் கரைக்குமாகப் போய் வந்தனர். ஆயினும் அவ்வூரின் தொழில் சரித்திரத்தை ஊன்றி நோக்குவோர்க்கு, அந்தக் குறையே பல தலைமுறைகளுக்கு முதலாக நின்று ஊரை வளர்த்த விந்தை புலப்படும்.

தாமிரபரணி கொணர்ந்து சேர்த்த வண்டல், பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கையைக் கடலிலிருந்து விலக்கி உள்நாட்டுச் சிற்றூராக்கிற்று. அதன்பின் தலையெடுத்த காயலும் அதே விதிக்கு ஆளாயிற்று. ஆற்று முகத்துக்குச் சற்று வடக்கே, முயல் தீவின் மறைவில் இருந்த தூத்துக்குடிக்குப் பின்னரே காலம் வந்தது. 1530-களில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிப் பரதவர் கத்தோலிக்க சமயம் தழுவியதும், 1658-இல் டச்சுக்காரர் இத்துறையைக் கைப்பற்றியதும், 1825-இல் அது முடிவாக ஆங்கிலேயர் வசமானதும், வெவ்வேறு கொடிகளின் கதைகளாகத் தோன்றினும், அக்கொடிகளனைத்தையும் இக்கரைக்கு ஈர்த்த பொருள்களில் தலையாயது முத்து.

முத்துச் சிப்பி வாழும் பாறைத் திட்டுகளைக் கடற்கரை மக்கள் 'பார்' என்பர். தொள்ளாயிரம் பார் என்று பெயர் பெற்ற திட்டும் ஒன்றுண்டு. சில பாக ஆழத்திலேயே அவை கிடந்தமையால், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கும் மனிதனுக்கு அவை எட்டின. சிலாபம் என்னும் முத்துக்குளிப்பு கூடிய நாட்களில் சுறாவை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி'யின் அனுமதியின்றிக் குளியாட்கள் நீரில் இறங்கமாட்டார்கள். குளித்தவனுக்குக் கிடைத்தது எடுத்த சிப்பியில் ஒரு பங்கு. சர்க்காரின் பங்கோ திறக்கப்படாமலேயே ஏலத்தில் போயிற்று. உள்ளே முத்திருக்கிறதோ இல்லையோ என்றறியாமல் விலை சொன்ன வியாபாரி, சிப்பியை அழுகவிட்டு, ஈ மொய்க்கும் அந்தத் துர்நாற்றத்தினூடே கழுவிப் பார்த்துத்தான் தன் அதிர்ஷ்டத்தைத் தெரிந்துகொண்டான். முத்து பொய்த்த ஆண்டுகளில் சங்கு கைகொடுத்தது. இங்கே குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று, அந்நாட்டுச் சுமங்கலிகளின் வளையலாயிற்று. 1961-இல் நடந்ததே இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதை வந்து சேர்ந்ததும், கோவில்பட்டி, எட்டயபுரம் முதலிய கரிசல் சீமைகளின் பருத்தி தூத்துக்குடியை நோக்கிப் பெருகலாயிற்று. 1888-இல் ஹார்வி சகோதரர் இங்கே கோரல் மில்லை நிறுவினர். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பலேறிக் கொழும்பு செல்வதே அந்நாளைய ராஜபாட்டை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் அப்போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது.

அந்தக் கொழும்புப் பாதையை ஏகபோகமாக ஆண்டுவந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியை எதிர்த்து, வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெருமுயற்சியால் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. பங்கொன்று 25 ரூபாயாக, 40,000 பங்குகளால் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டுவதென்பது திட்டம். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்ததோடு அமையாமல், இலவசமாக ஏற்றிச் சென்று கையில் ஒரு குடையும் கொடுத்தனர் என்பர். அக்கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்டுகளாயிருந்தோரும் ஹார்விகளே என்பதை நினைவிற் கொண்டால், 1908 பிப்ரவரி 27-இல் தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தமும் கப்பல் போட்டியும் ஒரே வழக்கின் இரு வாதங்களாக விளங்கும். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கேட்டு நின்ற தொழிலாளர் சில நாட்களிலேயே வென்றனர். அடுத்த வாரமே, மார்ச் 12-இல், பிள்ளையவர்கள் கைதானார். சிறையில் அவர் செக்கிழுத்துக்கொண்டிருக்க, வெளியே கம்பெனி கலைந்தது.

ஆழமின்மையைப் போக்கும் முயற்சி சுதந்திரத்துக்குப் பின்னரே நிறைவேறிற்று. கடலுக்குள் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளும் இரு கல்லணைகளின் நடுவே ஆழ்கடல் துறைமுகம் அமைந்து, 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதன் நிழலில் உர ஆலையும், அனல்மின் நிலையமும், பின்னர் தாமிர உருக்காலையும் எழுந்தன. கப்பல் கரையை அணைந்தபோது, கப்பலுக்கும் கரைக்கும் இடையிலிருந்த ஐந்தாறு மைலில் பிழைத்த படகோட்டிகளின் தொழில் தேய்ந்தது. பழைய துறையிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிகளே அதன் மிச்சம். தாமிர ஆலையால் காற்றும் நீரும் கெட்டனவென்று கிளர்ந்த போராட்டத்தில், 2018 மே மாதத்துத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் மாண்டனர். ஆலையின் லாபம் எங்கே சேர்கிறது, அதன் பாரம் யார்மேல் விழுகிறது என்று 1908-இல் ஊர் கேட்ட கேள்வி, நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின்னரும் முடிவு பெறவில்லை.

இத்தனை மாறுதல்களுக்கிடையே மாறாதிருப்பது உப்பளம். மழை குறைந்த, வெயில் மிகுந்த, தட்டையான இக்கரை உப்புக்கென்றே விரித்த களம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது இங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும், பாத்திகளைக் காலால் மிதித்து இறுக்கி, உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலுக்கு விட்டுக் காத்திருந்து, நீர் சுண்டியதும் பலகையால் வாரி வரப்பிலே குவிக்கிறார்கள். குவியலின் வெண்மையில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணை மங்கச் செய்ய, உவர் பாதத்தை அரித்துப் புண்ணாக்க, ஆணும் பெண்ணும் விடியுமுன்னரே இறங்கி நிற்கும் அந்தப் பாத்தியில் நீர் கணுக்காலளவே இருக்கும். பெருங்கப்பல்களுக்காகத் தோண்டி ஆழமாக்கிய இந்நகரத்தின் கடலில், மனிதர் நின்று வேலை செய்யத்தக்க இடமாக எஞ்சியிருப்பது அந்தக் கணுக்கால் ஆழந்தான்.