பெரிய பாசஸ் கலங்கரை விளக்கம்: கற்பாரும் கப்பல் வணிகமும்

இலங்கையின் தென்கிழக்கே, யால, கிரிந்த கரைப்பகுதிக்கு அப்பால், தரையிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் கிடக்கும் பாறைத்தொடரைச் சிங்கள மக்கள் ‘மகா இராவணா கொட்டுவ’ என்பர். இராவணனின் பெருங்கோட்டை என்பது பொருள். கடற்பார்களைக் குறித்த போர்த்துக்கேயச் சொல்லே ஆங்கிலேயர் வாயில் ‘பாசஸ்’ ஆயிற்று.

இப்பாரின்மீது 1873 மார்ச் 10இல் முதன்முதலாக ஒளியேற்றப்பட்டது. இதனைப் பொறியியற் சாதனையாக விதந்து எழுதுவதே வழக்கம். அச்சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், இவ்வொளி ஏன் அக்காலத்தில் வந்தது, ஏன் முன்னரே வரவில்லை என்ற வினாவே எமக்கு முதன்மையானது.

ஆபத்துப் புதியதன்று. 1961இல் இப்பாரருகே சுழியோடியவர்கள் மூழ்கிய கப்பலொன்றின் சிதைவையும் பெருந்தொகை வெள்ளிக்காசுகளையும் கண்டெடுத்தனர். ஆர்தர் சி. கிளார்க் 1964இல் வெளியிட்ட நூல் இதனை விவரிக்கின்றது. காசுகள் ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அடிக்கப்பட்டவை. ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1702ஐ ஒட்டியவை. அக்கப்பல் அழிந்த பின்னரும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பார் இருளிலேயே கிடந்தது.

நிலைமையை மாற்றியது நீராவிக்கப்பல். காலியில் தங்கிக் கல்கத்தாவுக்குச் செல்லும் கப்பல்கள் இப்பாரைச் சுற்றியே போகவேண்டியிருந்தது. அலெக்சாந்தர் கோர்டன் வகுத்த வார்ப்பிரும்புக் கோபுரத் திட்டம், ஏறத்தாழ 40,000 பவுண் செலவான பின்னரும் நிறைவேறவில்லை. 1867இல் பொறுப்பு இலண்டன் ‘டிரினிற்றி ஹவுஸ்’ நிறுவனத்திடம் சென்றது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படவே அவசரம் மேலும் மிகுந்தது. செலவை ஈடுசெய்யக் கப்பல்களிடம் விளக்கு வரி அறவிடப்பட்டது. அதற்கெனத் தனி நிதியமும் இருந்தது. ஆக, இது கணக்குப் பார்த்து ஏற்றப்பட்ட விளக்கு.

அதே ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். பேரரசின் சரக்கு செல்லும் வழிக்குக் கிடைத்த அக்கறை, அதன் உழைப்பாளர் வந்த வழிக்குக் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்காத கடல்வரலாறு குறையுடையது என்பதே எமது கருத்து.

கட்டடத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். வடிவமைத்தவர் ஜேம்ஸ் டக்ளஸ். களத்தில் நின்று நடத்தியவர் அவர்தம் தம்பி வில்லியம். கற்கள் ஸ்கொத்லாந்தின் டல்பீற்றியிலிருந்து வந்தன. அநுராதபுரத்துக் கற்றச்சரைக் கண்ட நாட்டுக்குக் கருங்கல் கப்பலேறி வந்தது விந்தைதான்! ஆனால் காரணம் இருந்தது. ஒவ்வொரு கல்லும் அயற்கல்லோடு பொருந்துமாறு புறாவால் வடிவில் செதுக்கப்பட்டு, அங்கேயே அடுக்கிச் சரிபார்க்கப்பட்டது. அலையடிக்கும் பாறையில் நின்று கல்லைச் செதுக்கித் திருத்த நேரமேது? சோளகம் வீசும் மாதங்களில் பாரை அணுகவே இயலாது. வாடைக் காலத்தின் அமைதியான சில மாதங்களே வேலைக்கு வாய்த்தன. அம்மாதங்களில் கொந்தளிப்பிடையே கல்லிறக்கிய கைகள் பல. நூல்களில் நிலைத்தவை டக்ளஸ் உடன்பிறந்தார் பெயர்களே.

வடகிழக்கே உள்ள சிறிய பாசஸ் பாரிலும் இதே முறையிற் கட்டிய விளக்கம் 1878இல் ஒளிர்ந்தது. 1979இல் அமைந்த இலங்கைத் துறைமுக அதிகாரசபையே இன்று இவ்விரண்டையும் பராமரிக்கின்றது.