அமீரகம் என்றொரு பெயர்

வளைகுடாவுக்குப் போன நம்மவர்கள் பேச்சில் எல்லாமே ‘துபாய்’தான். ‘ஐக்கிய அரபு அமீரகம்’ என்று முழுப்பெயர் எழுதுவது நாளிதழ்கள். அமீரோடு அகத்தைச் சேர்த்த அழகான ஆக்கம் அது. அரபியில் ‘அம்ர்’ என்றால் கட்டளை; கட்டளையிடுபவர் அமீர்; அவர் ஆளும் நிலம் இமாரத். கடற்படையின் ‘அட்மிரல்’கூட இந்த அமீரின் வழிவந்த சொல்தான்.

அந்த அமீரகத்தைச் சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. தாலிபான்கள் தங்கள் ஆட்சிக்குச் சூட்டிய ‘ஆப்கானிஸ்தான் இஸ்லாமிய அமீரகம்’ என்ற பெயரை எழுதும்போதுதான் உலக நாடுகளுக்குக் கை தயங்குகிறது. 1996 ஏப்ரலில் காந்தகாரில், நபிகளாருடையதாகப் போற்றப்படும் மேலங்கியைக் கூட்டத்தின் முன் ஏந்தி நின்றார் தாலிபான் தலைவர் முல்லா உமர். கூடியிருந்தவர்கள் அவரை ‘அமீருல் மூமினீன்’, அதாவது இறைநம்பிக்கையாளர்களின் தலைவர் என்று ஏற்றார்கள். கலீஃபாக்களுக்கு வழங்கிய பட்டம் அது. வாக்குச்சீட்டு அதைத் தருவதுமில்லை, பறிப்பதுமில்லை. 2021இல் தாலிபானிடம் வீழ்ந்த ஆட்சி தன்னை ‘ஜும்ஹூரி’ என்று அழைத்துக்கொண்டது. ‘ஜும்ஹூர்’ என்றால் மக்கள் திரள். புதிய பெயரை ஏற்கும் நாடு, ஆட்சி எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கான விடையையும் சேர்த்தே ஏற்கிறது.

2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவும் தாலிபானும் செய்துகொண்ட தோஹா ஒப்பந்தத்தில் இந்தத் தயக்கத்தை வரிக்கு வரி பார்க்கலாம். அமெரிக்காவால் ஓர் அரசாக அங்கீகரிக்கப்படாத, தாலிபான் என அறியப்படும் இஸ்லாமிய அமீரகம்: எதிர்த்தரப்பின் பெயர் வரும் இடங்களில் இந்த நீண்ட தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. பெயரைச் சொன்ன மூச்சிலேயே மறுப்பு.

‘அங்கீகாரம்’ என்ற வடசொல்லுக்குள் அங்கம் இருக்கிறது. பிறிதொன்றைத் தன் அங்கமாக்கிக்கொள்வது என்பது அதன் வேர்ப்பொருள். பேச்சு நடத்தலாம், கோதுமை அனுப்பலாம். அவையெல்லாம் அங்கமாக்கிக்கொள்வது ஆகா. 1997இல் பாகிஸ்தான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளே தாலிபான் ஆட்சியை அங்கீகரித்தன. 2021க்குப் பிறகு முதலில் முன்வந்தது ரஷ்யா, 2025 ஜூலையில். அந்த அக்டோபரில் காபூலில் மீண்டும் தூதரகம் திறப்பதாகச் சொன்ன இந்தியா, அப்போதும் அங்கீகாரத்தை அறிவிக்கவில்லை.

தயக்கத்துக்குக் காரணமாகப் பயங்கரவாத அச்சம் உண்டு, எல்லா இனத்தாருக்கும் இடமில்லாத அமைச்சரவை உண்டு. என்னைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம் ஒன்றே போதும். 2022 மார்ச் 23 காலை, உயர்நிலைப் பள்ளிகள் திறக்கும் என்று நம்பிப் புத்தகப் பையோடு வந்த மாணவிகளைச் சில மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பலர் அழுதுகொண்டே போனார்கள். அனுப்பியவர்களின் பெயரில் இருப்பது ‘தாலிப்’ என்ற அரபுச் சொல். அதற்குப் பொருள், மாணவர்.