வாளியில் அள்ளிய கடல்

பதுளைக்காரங்களுக்குக் கடல் எதுக்கு? ஊவா மாகாணத்துக்குக் கடற்கரையே கிடையாது. வானம் தெளிஞ்ச நாளில் லிப்டன் சீட்டில் ஏறி நின்னா, தெற்கே தூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு தெரியும், அவ்வளவுதான். ஆனா ஐப்பசி தொடங்கி தை வரைக்கும் நம்ம லயத்துத் தகரத்தில் விழுற மழையில் பெரும்பகுதி வங்காள விரிகுடாப் பக்கமிருந்து ஏறி வர்றது. அதனால கடல் எவ்வளவு சூடாகியிருக்குங்கிறது நம்ம சரித்திரமும்தான்.

அந்தச் சூட்டை அளந்த கதை சுவாரசியமானது. 1853இல் பிரசெல்ஸில் கடலோடி நாடுகள் கூடி, கப்பல்கள் எல்லாம் ஒரே முறையில் காற்றையும் கடலையும் பதியணும்னு முடிவெடுத்தன. அமெரிக்கக் கடற்படையின் மத்தியூ மோரிதான் முன்னின்றவர். வேலை எளிது: கயிற்றில் வாளியை இறக்கி, தண்ணி அள்ளி, வெப்பமானியை முக்கி, பதிவேட்டில் எழுதுறது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் கொழும்பு - ஏடன் பாதையில் கப்பல்கள் பெருகின. நம்ம முன்னோர் பறிச்ச கோப்பியும், பிறகு தேயிலையும் போன பாதை அது. இந்து சமுத்திரத்தின் பழைய அளவுகள் இப்படியான வர்த்தகப் பாதைகளில்தான் குவிஞ்சு கிடக்கு. வியாபாரம் போகாத கடல், பதிவேட்டிலும் வெறுமை.

அளவுகளிலும் சிக்கல் உண்டு. கன்வஸ் வாளியில் அள்ளின தண்ணி, மேலே இழுக்கிறதுக்குள்ள ஆவியாகிக் குளிர்ந்திடும். மண்பானை தண்ணி மாதிரி. அதனால கடல் இருந்ததைவிடக் குறைவாகக் காட்டும். பிறகு இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கிற தண்ணியில் அளந்தாங்க. கப்பலோட சூட்டில் அது கூடக் காட்டும். இரண்டாம் உலகப் போரில் ராத்திரி தளத்தில் விளக்குப் பிடிச்சு வாளி பார்க்க முடியாது, எதிரிக்குத் தெரிஞ்சிடும். அதனாலயும், அமெரிக்கக் கப்பல்களின் அளவுகள் அதிகமானதாலயும், 1940களில் கடல் திடீர்னு சூடானது போலவும், 1945இல் திடீர்னு குளிர்ந்தது போலவும் ஒரு பொய் மேடு விழுந்தது. வாளி பாவிச்ச பிரித்தானியக் கப்பல்கள் திரும்ப வந்ததுதான் அந்த இறக்கத்துக்குக் காரணம்னு 2008இல்தான் தெளிவாக எழுதினாங்க. சரித்திரம் படிக்கிற எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

'அப்போ சூடாகுதுங்கிறதே கணக்குக் கோளாறுதானே'ன்னு சிலர் கேட்பாங்க. நடந்தது நேர்மாறு. பழைய வாளி அளவுகளைத் திருத்தும்போது அந்தக் காலத்துக் கடல் கொஞ்சம் சூடாகுது. நீண்டகால ஏற்றம் குறையுது. குறைச்ச பிறகும் ஏற்றம் நிக்குது. வெப்பமண்டல இந்து சமுத்திரம் 1951 முதல் 2015 வரை சுமார் 1 பாகை செல்சியஸ் சூடாகியிருக்கு. உலகக் கடல்களின் சராசரி சுமார் 0.7தான். காற்று 1 பாகை சூடானா ஏறக்குறைய 7 வீதம் கூடுதலா ஈரம் தாங்கும். அந்த ஈரம் மலையில்தான் மோதுது.

2014 அக்டோபர் 29, மீரியபெத்த. அந்தக் காலையைக் கடலின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. அந்தச் சரிவு ஆபத்தானதுன்னு 2005லயும் 2011லயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிச்சிருந்தது. லயங்கள் அங்கேயே இருந்தன. 2025 நவம்பரில் திட்வா புயல் வந்தபோதும் மிக மோசமா அடிபட்ட மாவட்டங்களில் பதுளை ஒன்று.

மண்சரிவு எச்சரிக்கைக்கு இன்னைக்கு ஒரு கணக்கு இருக்கு: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினா விழிப்பு, 100 தாண்டினா தயார், 150 தாண்டினா வெளியேறணும். தோட்டத்துக் கந்தோர்களிலும் மழைப் புத்தகம் எழுதுவாங்க. தேயிலைக்காக எழுதினது, எப்ப உரம் போடலாம், கொழுந்து எவ்வளவு வரும்னு பார்க்க. கப்பலுக்காக எழுதின பதிவேட்டிலிருந்து கடலின் சரித்திரம் கிடைச்ச மாதிரி, அதிலிருந்து நம்ம சரித்திரத்தையும் எடுக்கலாம். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருந்தா ஆறு அங்குலம்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு பத்து வருசத்திலும் எத்தனை நாள் அந்தக் கோட்டைத் தாண்டிச்சுன்னு எண்ணலாம். உங்க தோட்டத்துக் கந்தோரில் அந்தப் புத்தகங்கள் இன்னும் இருக்கான்னு விசாரிங்க. மழைமானியை எங்க வச்சிருந்தாங்க, இடம் மாத்தினாங்களான்னும் சேர்த்துக் கேளுங்க.