பாரடாக்ஸ் வால்நட்

பாரடாக்ஸ் என்பது அமெரிக்காவில் உருவான ஒரு கலப்பின வால்நட் (அக்ரூட்) மரம். லூதர் பர்பாங்க் (1849–1926) என்னும் செடி வளர்ப்பாளர் 1875இல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் குடியேறினார். அம்மாநிலத்துக் கருவால்நட்டையும் தோட்டங்களில் பயிராகும் பாரசீக வால்நட்டையும் அவர் கலந்தார்.

கன்றுகள் பெற்றோர் இரண்டையும் மிஞ்சின. தெருவோரம் அவர் நட்டவை 16 ஆண்டுகளில் சுமார் 60 அடி உயர்ந்து, அதே அகலத்துக்குக் கிளை பரப்பின. நிழலுக்கும் அழகுக்கும் குறைவில்லை. காய்ப்பு மட்டும் மிகச் சொற்பம். பெயருக்கு 'முரண்' என்று பொருள். பொருத்தம்தான்! இரண்டு கருவால்நட் வகைகளைக் கலந்து அவர் பெற்ற 'ராயல்' மரமோ கொத்துக் கொத்தாய்க் காய்த்தது.

ஆனால் தோட்டக்காரர்களுக்கு அதிகம் உதவியது காய்க்காத மரமே. அதன் வேர் வலியது. அதை வேர்ச்செடியாக வைத்து, மேலே பாரசீக வால்நட்டை ஒட்டுக் கட்டினார்கள். (கலப்பினமும் ஒட்டும் ஒன்றல்ல, மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். முன்னது மகரந்தச் சேர்க்கையில் பிறப்பது, பின்னது கத்தியால் இணைப்பது.) பாரடாக்ஸ் சரியாகக் காய்க்காததால், விதைக்குக் கருவால்நட் கொட்டைகளையே எடுப்பார்கள். அவற்றில் சில, அருகிலுள்ள பாரசீக மரத்தின் மகரந்தத்தால் உண்டானவை. நாற்றங்காலில் இலையைப் பார்த்து அந்தக் கன்றுகளைப் பிரித்தெடுப்பார்கள்.

இன்று கலிபோர்னியத் தோட்டங்கள் பெரும்பாலும் இந்த வேரில்தான் நிற்கின்றன. ஒரு குறை உண்டு. மகரந்தம் வழியே பரவும் ஒரு வைரஸ் தாக்கினால், ஒட்டிய இடத்தில் திசு கருங்கோடாக மடிந்து, மேல்மரம் பட்டுப்போகும்.